உயரழுத்த பிளஞ்சர் பம்பு: ஓட்டுவதும் பராமரிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாரி, பஸ் கழுவும் வாட்டர் சர்வீஸ் நிலையம், பாய்லர் குழாய்களைச் சுத்தம் செய்யும் இடம், தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் குழாய்களைச் சோதிக்கும் (ஹைட்ரோ டெஸ்ட்) இடம், உவர்நீரைக் குடிநீராக்கும் ஆர்ஓ ஆலை என்று பல இடங்களில் உழைப்பது ஒரே வகை பம்புதான். ஒரு கிராங்க், மூன்று பிளஞ்சர், ஆறு வால்வு. அதை ஓட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு போட்டுக் காட்ட வசதியாக ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம்: பிளஞ்சர் விட்டம் 22 மி.மீ., ஸ்ட்ரோக் (பிளஞ்சர் ஒரு முறை நகரும் தூரம்) 20 மி.மீ., நிமிடத்துக்கு 1000 சுற்று, வேலை அழுத்தம் 150 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இதை மாதிரி பம்பு என்று சொல்கிறேன். உங்கள் பம்பின் அளவுகளைப் போட்டால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

பிஸ்டன் பம்பு, பிளஞ்சர் பம்பு: இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறது. அமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. பிஸ்டனில் சீல் பிஸ்டனோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும். பிளஞ்சரில் சீல், அதாவது பேக்கிங், ஒரே இடத்தில் நிற்கும். வழவழப்பான தண்டு மட்டும் அதற்குள் போய் வரும். 100 பாருக்கு மேல் வேலை செய்யும் தண்ணீர் பம்புகள் பெரும்பாலும் பிளஞ்சர் வகை. பேக்கிங்கை மாற்றுவதும் இதில் சுலபம்.

வீட்டு மோட்டார் பம்பை ஓட்டத் தெரிந்தவருக்கு இது புரியுமா?

புரியும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். வீட்டில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்பில் டெலிவரி வால்வை மூடினால் தண்ணீர் உள்ளேயே சுழலும், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. பிளஞ்சர் பம்பில் அப்படி மூடவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் வெளியே போயாக வேண்டும் என்பது இதன் இயல்பு. வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிலீஃப் வால்வு (மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) திறக்க வேண்டும், அல்லது மோட்டார் ட்ரிப் ஆக வேண்டும், அல்லது ஹோஸோ பம்பு தலையோ கிழிய வேண்டும்.

இதற்குள் இன்னொரு உண்மையும் இருக்கிறது, பழுது பார்க்கும்போது இதுதான் கை கொடுக்கும். பம்பு தருவது ஓட்டத்தை மட்டுமே. அழுத்தத்தை உண்டாக்குவது எதிரே இருக்கும் நாசில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துவார முனை. அழுத்தம் குறைந்தது என்றதும் பம்பைப் பிரிக்கிறவர்கள் அதிகம். முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

என் பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளும்? எத்தனை எச்பி மோட்டார் போட வேண்டும்?

பிளஞ்சரின் குறுக்குப் பரப்பு × ஸ்ட்ரோக் × பிளஞ்சர் எண்ணிக்கை × சுற்று. மாதிரி பம்பில் பரப்பு 3.8 சதுர செ.மீ.; ஒரு ஸ்ட்ரோக்குக்கு 7.6 மில்லி, மூன்றும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 22.8 மில்லி, 1000 சுற்றுக்கு 22.8 லிட்டர். வால்வு மூடும் நேரத்தில் கொஞ்சம் பின்னால் நழுவும் என்பதால் 95% என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 21.7 லிட்டர்.

மோட்டாருக்கு: லிட்டர் × பார் ÷ 600 = கிலோவாட். 21.7 × 150 ÷ 600 = 5.4 கிலோவாட். பெல்ட், பேரிங், பேக்கிங் உராய்வுக்காக 0.85ஆல் வகுத்தால் 6.4 கிலோவாட். ஆக 10 எச்பி மோட்டார் சரியாக இருக்கும். 7.5 எச்பி போட்டால் ஓடும், ஆனால் ஓவர்லோடில் அடிக்கடி விழும்.

நாலு துருவ மோட்டார் 1440 சுற்று ஓடும். பம்புக்கு 1000 வேண்டும் என்றால் மோட்டாரில் 5 அங்குலப் புல்லி, பம்பில் 7.2 அங்குலப் புல்லி. அதிகத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக்காதீர்கள். சுற்று கூடினால் வால்வு, பேக்கிங், தண்ணீரை உறிஞ்சும் பக்கமான சக்‌ஷன் மூன்றுக்கும் சுமை கூடும்.

ஏன் மூன்று பிளஞ்சர்?

ஒன்று தள்ளி முடிக்கும் நேரத்தில் இன்னொன்று தள்ளத் தொடங்க வேண்டும் என்பதற்காக 120 டிகிரி இடைவெளியில் மூன்றை வைக்கிறார்கள். அப்படியும் ஓட்டம் ஒரே சீராக இருக்காது. சராசரியைவிட 6% மேலேயும் 17% கீழேயும் போய் வரும். ஐந்து பிளஞ்சர் என்றால் இந்த ஏற்ற இறக்கம் மொத்தமாக 7% அளவுக்குக் குறைந்துவிடும். கழுவும் வேலைக்கு மூன்றே போதும்.

சக்‌ஷன் பைப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பம்பின் வாய் அளவு போதாதா?

போதாது. பொறுமையாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். பம்பு சீக்கிரம் கெட்டுப்போவதற்கான காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் சக்‌ஷன் பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள்.

பிளஞ்சர் பின்னால் வரும்போதெல்லாம் சக்‌ஷன் பைப்பில் உள்ள தண்ணீர் நகர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். நீளமான பைப்பில் நிற்கும் அவ்வளவு தண்ணீரையும் இப்படி இழுத்து இழுத்து வேகப்படுத்த ஒரு விசை வேண்டும். அந்த விசையைத் தருவது பெரும்பாலும் டேங்கின் மேல் அழுத்தும் காற்றுதான். காற்றழுத்தம் தரக்கூடியது மொத்தமே 10.3 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம்.

இதற்குப் பொறியாளர்கள் ஒரு வழக்கமான சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: பைப் நீளம் × தண்ணீர் வேகம் × சுற்று × 0.066 ÷ (1.5 × 9.81). 0.066 என்பது மூன்று பிளஞ்சருக்கான எண், 1.5 என்பது சாதாரணத் தண்ணீருக்கு. 9.81 என்பது புவியீர்ப்பு முடுக்கம். அந்த இழுப்புக்கு எத்தனை மீட்டர் தண்ணீர் உயரம் வேண்டும் என்பதே விடை.

மாதிரி பம்புக்கு முக்கால் அங்குல ஜிஐ பைப்பை 6 மீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் தண்ணீர் வேகம் நொடிக்குச் சுமார் 1.05 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் 28 மீட்டர் வருகிறது. இருப்பதே 10.3. இந்தப் பம்பு முழு வயிறு தண்ணீர் குடிக்கவே முடியாது. அதே பம்புக்கு ஒன்றரை அங்குல பைப்பை ஒன்றரை மீட்டர் மட்டும் போட்டால் வேகம் நொடிக்கு 0.27 மீட்டர், விடை 1.8 மீட்டர். டேங்க் பம்பைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் நிம்மதியாக ஓடும்.

பெரிய பைப், குட்டை பைப், டேங்க் உயரத்தில். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் பாதி ரிப்பேர் குறையும். பம்பு வாய்க்குப் பக்கத்திலேயே எல்போ போடாதீர்கள். பைப் எங்கேயும் மேலே வளைந்து இறங்கக் கூடாது. அந்த மேட்டில் காற்று தங்கும். ஹோஸ் போடுவதாக இருந்தால் உள்ளே கம்பி சுற்றியதுதான் வேண்டும். சாதாரண ஹோஸ் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தால் தெரியாது.

தரைத் தொட்டியிலிருந்து பம்பே உறிஞ்சட்டுமே?

சில பம்புகள் செய்யும். ஆனால் செய்ய வைக்காதீர்கள். தரைத் தொட்டியிலிருந்து ஒரு சின்ன மோனோபிளாக் மோட்டாரால் மேலே ஒரு டேங்குக்கு ஏற்றி, அங்கிருந்து பம்புக்கு விடுங்கள். அந்தச் சின்ன மோட்டாரின் செலவு, அடிக்கடி பேக்கிங் மாற்றும் செலவுக்கு முன்னால் பெரிதில்லை.

டேங்கிலும் ஒன்று கவனியுங்கள். நிரப்பும் குழாய் மேலிருந்து கொட்டினால் தண்ணீரில் நுரை கலக்கும், அந்த நுரை நேராகப் பம்புக்குப் போகும். நிரப்பும் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். வெளியேறும் வாயை அதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

பம்பு தலைக்குள் ஜல்லி உருள்வதுபோல் கடகடவென்று சத்தம். வால்வு உடைந்துவிட்டதா?

இன்னும் உடைந்திருக்காது. இப்படியே ஓட்டினால் உடையும். உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் மிகவும் இறங்கினால் அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழாகும். பிளஞ்சர் திரும்பித் தள்ளும்போது அந்தக் குமிழ்கள் வெடித்துச் சுருங்கும். ஒவ்வொரு குமிழும் உலோகத்தில் ஒரு சின்னக் குழி போடும். வால்வு சீட்டை (வால்வு உட்காரும் இடத்தை) கழற்றிப் பார்த்தால் கரையான் அரித்தது மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

பார்க்க வேண்டியவை: சக்‌ஷன் ஃபில்டர் அடைப்பு, டேங்க் அவுட்லெட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் ஒட்டிக்கொள்கிறதா, பைப் அளவு. முக்கால்வாசி ஃபில்டர்தான். அதை தினமும் கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வேக்குவம் கேஜ் போட்டு வைத்தால், ஃபில்டர் அடைக்கத் தொடங்கியதை முள்ளே காட்டிக் கொடுக்கும்.

சத்தம் இதே மாதிரி இருந்து, ஜெட்டும் வெள்ளையாக, நுரைத்த மாதிரி வந்தால் அது காற்று. சக்‌ஷன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பம்பு ஓடும்போது நுரை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை.

வெந்நீர் விடலாமா?

சாதாரண பேக்கிங் உள்ள பம்புகளுக்கு 60 முதல் 70 டிகிரி வரைதான் பெரும்பாலும் அனுமதி. உங்கள் கையேட்டில் எழுதியிருப்பதே முடிவு. பேக்கிங் தாங்கினாலும் சக்‌ஷன் தாங்க வேண்டும். 60 டிகிரியில் ஆவியழுத்தம் 0.2 பார், அதாவது உங்களிடம் இருந்த 10.3 மீட்டரில் 2 மீட்டர் போய்விட்டது. 80 டிகிரியில் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் போய்விடும். ஆகவே வெந்நீர் என்றால் சக்‌ஷனில் ஒரு பூஸ்டர் பம்பு கட்டாயம். இன்னும் நல்ல வழி, பம்பு தண்ணீரைக் குளிர்ச்சியாகத் தள்ளட்டும், ஹீட்டர் பம்புக்கு அப்புறம் இருக்கட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முறை என்ன?

ஆயில் கிளாஸில் அளவும் நிறமும் பாருங்கள். சக்‌ஷன் வால்வை முழுதாகத் திறங்கள். நாசில் மாட்டாத கன்னின் (ஹோஸ் முனையில் கையில் பிடிக்கும் துப்பாக்கியின்) ட்ரிக்கரை அமுக்கிப் பிடித்தபடி, அழுத்தம் இல்லாமல் மோட்டாரைப் போடுங்கள். காற்றெல்லாம் வெளியேறி ஜெட் தெளிவாக வந்த பிறகு நாசிலை மாட்டி அழுத்தம் ஏற்றுங்கள். நிறுத்தும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: அழுத்தத்தை இறக்கி, மோட்டாரை நிறுத்தி, ட்ரிக்கரை ஒரு முறை அமுக்கி ஹோஸுக்குள் நிற்கும் அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

ஈரமான இடத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதால், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த மோட்டாருக்கு இணைப்பே கொடுக்காதீர்கள். பாடிக்குத் தனி எர்த் வேண்டும்.

லைன் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பரவாயில்லையா?

தண்ணீர் தள்ளுவதில் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கிராங்க் ஆயிலை வாரி மேலே தெளிப்பது குறிப்பிட்ட திசைக்காக அமைத்தது. பம்பின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறிப்படி மாற்றிவிடுங்கள்.

150 பார் வந்த இடத்தில் 120தான் வருகிறது. பம்பு தேய்ந்துவிட்டதா?

முதலில் நாசிலைப் பாருங்கள். நாசில் துவாரத்தின் விட்டம் வெறும் 5% தேய்ந்தாலே, அதே ஓட்டத்துக்கு அழுத்தம் 18% அளவுக்கு விழும். 150 பார் 123 ஆகிவிடும். மணல் கலந்த போர் தண்ணீரில் இந்தத் தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும். ஒரு புது நாசில் மாட்டிப் பாருங்கள். அழுத்தம் பழைய இடத்துக்கு வந்தால் வேலை முடிந்தது.

வரவில்லையா, பம்பைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. குடிதண்ணீர் வரும் 20 லிட்டர் கேன் ஒன்று எடுத்து, வாயை அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். நாசிலைக் கழற்றிவிட்டு, ஹோஸை அந்தக் கேனுக்குள் நன்றாகக் கட்டி வைத்து, பம்பை ஓடவிட்டு நேரம் பாருங்கள். மாதிரி பம்பு நன்றாக இருந்தால் 55 நொடியில் கேன் நிறையும். 80 நொடிக்கு மேல் ஆனால் மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நேரம் கொஞ்சமாகக் கூடி, 60, 65 நொடி என்று வந்தால் பெல்ட் வழுக்குகிறதா, சக்‌ஷனில் குறை இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் சரியாகவே இருந்தும் அழுத்தம் மட்டும் ஏறவில்லையென்றால் தண்ணீர் நாசிலுக்குப் போகாமல் பைபாஸில், அதாவது திரும்பும் வழியில், போகிறது. தண்ணீரை அந்த வழிக்குத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வைப் பிரியுங்கள். அல்லது பேக்கிங் அழுத்தத்தில் மட்டும் விடுகிறது. அது கீழே ஒழுகுவதிலேயே தெரியும்.

புதுப் பம்பு மாட்டிய அன்றே இந்தக் கேன் கணக்கை எடுத்து, பெயின்ட்டால் ஸ்டாண்டில் எழுதி வையுங்கள். பின்னால் யார் வந்து பார்த்தாலும் ஒப்பிட ஓர் எண் இருக்கும்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹோஸைக் கையில் பிடித்தாலே முதல் தகவல் கிடைக்கும். மூன்றும் ஓடும்போது ஹோஸ் ஒரே சீராக அதிரும். ஒன்று நின்றுவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை உதறும். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு வால்வு மூடியின் மேலும் வைத்து, பிடியைக் காதருகில் கொண்டு போங்கள். பெல்ட்டுக்குப் பாதுகாப்பு மூடி மாட்டியிருக்க வேண்டும், சட்டை நுனி தொங்கக் கூடாது. ஐந்து வால்வு ‘டிக் டிக்’ என்று சுத்தமாக அடிக்கும். ஆறாவதில் சீறல் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது.

பம்பை நிறுத்தி, மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு அந்த மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரு மணல் துணுக்கோ, டெஃப்லான் டேப்பின் நூலோ, டேங்கிலிருந்து வந்த பிளாஸ்டிக் சீவலோ வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். வால்வு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வட்டமாக ஒரு பளபளப்பான வளையம் முழுதாகத் தெரிந்தால் நல்ல வால்வு. அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லிய கோடு போயிருந்தால் தண்ணீர் அதன் வழியாகப் பீய்ச்சி அறுத்திருக்கிறது. தேய்த்துச் சரி செய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள். முகம் தட்டையான வால்வில் லேசான புள்ளிகள் மட்டும் என்றால், கண்ணாடிப் பலகையின் மேல் மிக நைஸான எமரி தாளை வைத்துத் தேய்த்து மறுபடி போடலாம். சீட்டுக்கு அடியில் ஓ-ரிங் இருக்கும், அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. வால்வு புதுசு, ஓ-ரிங் பழசு என்றால் கசிவு அங்கேயே தொடரும்.

தலையின் போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் எடுங்கள். நடுவிலிருந்து வெளியே, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

கேஜ் முள் நடுங்குகிறது. அக்யூமுலேட்டர் போட வேண்டுமா?

ஹோஸ் சில மீட்டர் நீளம் இருந்தால் அதுவே அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கிளிசரின் நிரப்பிய கேஜ் மாட்டினால் போதும். கேஜின் முழு அளவு வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். டெலிவரி முழுக்க இரும்புக் குழாய் என்றால் அக்யூமுலேட்டர் (உள்ளே வாயு நிரப்பி அதிர்வை வாங்கிக்கொள்ளும் கலம்) தேவை. இல்லாவிட்டால் வெல்டிங் இணைப்புகள் விரிசல் விடும்.

அக்யூமுலேட்டரில் நிரப்ப வேண்டியது நைட்ரஜன் மட்டும். அளவு, வேலை அழுத்தத்தில் பாதிக்கு மேல், 50 முதல் 70% வரை. 150 பாருக்குச் சுமார் 90 பார் வைக்கலாம். வெல்டிங் கடையில் கிடைக்கிறது என்று ஆக்ஸிஜன் நிரப்பிவிடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் வெடிக்கும். உயிர் போகிற விஷயம் இது.

அன்லோடர் இருக்கிறதே, ரிலீஃப் வால்வு எதற்குத் தனியாக?

அன்லோடர் தினசரி வேலைக்கானது: ட்ரிக்கரை விட்டதும் தண்ணீரைப் பைபாஸுக்குத் திருப்பும். தினமும் ஆயிரம் தடவை திறந்து மூடுகிற பொருள் ஒருநாள் சிக்கிக்கொள்ளும். அந்த நாளுக்கானது ரிலீஃப் வால்வு. அதை வேலை அழுத்தத்தைவிடச் சுமார் 10% மேலே, பம்பின் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் வையுங்கள். பம்புக்கும் ரிலீஃப் வால்வுக்கும் இடையில் எந்த வால்வும் வரக் கூடாது. ரிலீஃப் ஒழுகுகிறது என்று பிளக் போட்டு அடைத்த பம்பை எங்கேயாவது பார்த்தால், அதன் பக்கத்தில் நிற்காதீர்கள்.

ட்ரிக்கரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாமா, பம்பு பைபாஸில் ஓடட்டுமே?

பைபாஸ் குழாய் டேங்குக்குத் திரும்பினால் கொஞ்ச நேரம் தாங்கும். பம்பின் வாய்க்கே திரும்பினால் அதே ஒரு குவளைத் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி, சில நிமிடங்களில் கை வைக்க முடியாத சூடாகும். பேக்கிங் வெந்து விறைத்துவிடும். அப்படி அமைப்பு இருந்தால் 60 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மல் வால்வு ஒன்றைப் பம்பு தலையில் மாட்டுங்கள். டீ குடிக்கப் போவதானால் மோட்டாரை அணைத்துவிட்டுப் போங்கள்.

பிளஞ்சருக்கு அடியில் சொட்டுகிறது. எவ்வளவு வரை விடலாம்?

பழைய வகை கயிற்றுப் பேக்கிங் போட்ட பம்பென்றால் சொட்டத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் அதற்கு லூப்ரிகேஷன். இறுக்கி நிறுத்தினால் பிளஞ்சர் கருகும். ‘வி’ வடிவப் பேக்கிங் போட்ட பம்பில் நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு என்றால் கண்காணியுங்கள். தொடர்ந்து ஒழுகத் தொடங்கினால் அன்றே திட்டமிடுங்கள். தள்ளிப்போட்டால் அந்தத் தண்ணீர் பிளஞ்சர் தண்டோடு பின்னால் போய் ஆயிலுக்குள் இறங்கும். அப்புறம் செலவு பேக்கிங்கோடு நிற்காது, கிராங்க் வரை போகும்.

பேக்கிங் மாற்றிய மறுநாளே மறுபடி ஒழுகுகிறது. ஏன்?

மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, ‘வி’யின் திறந்த வாய் தண்ணீர் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அழுத்தம் உதடுகளை விரிக்காது, கவிழ்த்துவிடும்.

இரண்டு, பிளஞ்சரைச் சரியாகப் பார்க்கவில்லை. பீங்கான் பிளஞ்சரில் முடியிழை போன்ற விரிசல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. துடைத்துக் காய வைத்து, மார்க்கர் பேனாவால் முழுக்கப் பூசி, உடனே துணியால் துடையுங்கள். விரிசல் இருந்தால் அதில் மை தங்கி மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் புதுப் பேக்கிங்கை அரம்போல் அறுக்கிறது. நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள், எங்கே தட்டினாலும் பிளஞ்சர் போய்விட்டது.

மூன்று, ஒரு சிலிண்டருக்கு மட்டும் மாற்றுவது. மற்ற இரண்டும் அதே மணி நேரம் ஓடியவை. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பீங்கான் ஏன் விரிசல் விடுகிறது? தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடும்போது உராய்வில் பிளஞ்சர் கொதிக்கிறது. ‘ஐயையோ தண்ணீர் வரலையே’ என்று வால்வைத் திறந்ததும் குளிர்ந்த தண்ணீர் அதன் மேல் பாய்கிறது. அந்த நொடியில் விரிகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடியது தெரிந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பு தானாக ஆறும் வரை காத்திருங்கள். டேங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்சை மாட்டி, தண்ணீர் குறைந்ததும் மோட்டார் நிற்கும்படி செய்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

ஆயில் எப்போது மாற்றுவது? என்ன ஆயில்?

பல கம்பெனிகள் சொல்வது: புதுப் பம்பில் முதல் 50 மணி நேரத்தில், பிறகு 500 மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் முறையை விட்டுவிடாதீர்கள். புது உதிரிகள் ஒன்றோடொன்று உரசி உதிரும் தூள் அந்த ஆயிலில்தான் இருக்கும். கிரேடு கையேட்டில் போட்டபடிதான். சில பம்புகளுக்கு ஐஎஸ்ஓ 68 ஹைட்ராலிக் ஆயில், சிலவற்றுக்கு இன்ஜின் ஆயில். கையில் இருக்கிற இரண்டையும் கலக்காதீர்கள். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஒரு ஹவர் மீட்டர் மாட்டினால் ‘போன தீபாவளிக்கு மாத்தினோம்’ என்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆயில் பால்போல் வெளுத்துவிட்டது.

தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பின் அடியில், தலைக்கும் கிராங்க் பெட்டிக்கும் நடுவில் உள்ள வடிகால் துவாரத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வந்தால் பேக்கிங், ஆயில் வந்தால் ஆயில் சீல். இரண்டும் வராமல் ஆயில் மட்டும் வெளுத்தால், இரவு குளிரும்போது பெட்டிக்குள் ஈரக் காற்று வியர்த்திருக்கலாம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது சகஜம். ஆயிலை மாற்றி, மூச்சுத் துவார மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து ஜெட் அடித்துப் பம்பையே கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வெளுத்த ஆயிலில் ஓடும் ஒவ்வொரு நாளும் பேரிங்கில் துரு ஏறுகிறது.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் கனெக்டிங் ராடு தேய்கிறது.

பெல்ட் எவ்வளவு இறுக்கம்?

இரண்டு புல்லிக்கும் நடுவில் விரலால் அமுக்கினால், ஒவ்வொரு 100 மி.மீ. இடைவெளிக்கும் 1.6 மி.மீ. தாழ்ந்தால் சரி. ஒரு பெல்ட் அறுந்தால் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. பம்பு தாங்குமா?

தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் வேறு வேறு தொல்லைகள். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு, பம்பு நின்ற பிறகுதான் வேலையைக் காட்டும். ஈரமான பிளஞ்சர் காயும்போது அதன் மேல் வெள்ளையாக ஒரு வளையம் படியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்த வளையம் பேக்கிங்கைச் சுரண்டும். வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நல்ல தண்ணீரை ஓடவிட்டு நிறுத்துங்கள். படிந்துவிட்டது என்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றாதீர்கள். பித்தளைத் தலையையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும்.

குளோரைடு அதிகமான தண்ணீர் என்றால் தலையின் உலோகத்தையே மாற்றிக் கேட்டு வாங்க வேண்டும். பித்தளையில் உள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து, சிவந்த, உளுத்த செம்பு மட்டும் மிஞ்சும். 304 ஸ்டெயின்லெஸ்ஸைவிட 316 தேவலை. கடல்நீருக்கு நிக்கல் அலுமினிய வெண்கலம் அல்லது டியூப்ளெக்ஸ் ஸ்டீல்.

இரண்டு மாதம் பம்பு ஓடாது. என்ன செய்வது?

நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, முழுதாக வடித்து, ஆயிலை மாற்றி, பெல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். வாரம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, புல்லியைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். ஆயில் பரவும், பேக்கிங் பிளஞ்சரோடு ஒட்டாது.

ஜெட் கையில் பட்டுவிட்டது. சின்னப் புள்ளிதான், ரத்தம்கூட வரவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெளியே ஊசி குத்தியதுபோல் இருந்தாலும், தோலைத் துளைத்த தண்ணீர் உள்ளே தசைநார் வழியாக வெகுதூரம் பரவியிருக்கும். கூடவே சோப்பு, எண்ணெய், அழுக்கு எல்லாம் போயிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், ‘உயரழுத்தத் தண்ணீர் தோலுக்குள் போயிருக்கிறது’ என்று அழுத்தமாகச் சொல்லுங்கள், எத்தனை பார் என்றும் சொல்லுங்கள். வெளிக்காயத்தை மட்டும் பார்த்தால் பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

ஹோஸில் மெல்லிய கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதுதான் இந்தக் காயம் வரும் ஒரு வழி. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ரப்பர் பூட்ஸ், கண்ணாடி இரண்டும் இல்லாத ஆளிடம் கன்னைக் கொடுக்காதீர்கள்.

கையில் என்ன ஸ்பேர் வைத்திருக்க வேண்டும்?

ஒரு செட் பேக்கிங், மூன்று வால்வு ஓ-ரிங்கோடு, அன்லோடரின் சீல் கிட், இரண்டு நாசில், ஒரு செட் பெல்ட், ஃபில்டர் வலை, ஒரு முறைக்கான ஆயில். பீங்கான் பிளஞ்சர் ஒன்றையும் துணியில் சுற்றி, ஸ்பேனர்களோடு சேராமல் தனி டப்பாவில் வையுங்கள். இவை எல்லாவற்றையும் பம்பின் மாடல் எண் பார்த்து வாங்குங்கள், 22 மி.மீ. பிளஞ்சருக்கே இரண்டு மூன்று வகைப் பேக்கிங் கடையில் இருக்கும், அளவு ஒத்துப்போவதுபோல் தெரிந்தும் தடிமன் மாறும். மாடல் பிளேட்டில் எழுத்து அழிவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.